உண்ணிக் காய்ச்சலும் மறைவிடத்துப் பொருக்கும்

காய்ச்சல் என்றால் கஷாயம், இரண்டு மாத்திரை, மூன்று நாள் படுக்கை என்று இருந்துவிடுவது நம் அங்கத்தினரிடையே வழக்கம். பல காய்ச்சல்கள் அவ்வாறே தணிந்தும் விடுகின்றன. ஆயின், அங்ஙனம் தணியாமல் உயிருக்கே தீங்கு செய்யக்கூடிய ஒன்று நம் வயல் வரப்புகளில் உண்டு. அதனை உண்ணிக் காய்ச்சல் என்கிறோம். மருத்துவர்கள் ‘ஸ்க்ரப் டைபஸ்’ என்பர்.

மாட்டின்மேல் காணும் பெரிய உண்ணி இதற்குக் காரணமன்று. புதரிலும் புல்லிலும் வாழும் ஒருவகைச் சிற்றுண்ணியின் குஞ்சு கடிக்கும்போது நுண்கிருமி உடலில் புகுகின்றது. அக்குஞ்சு கண்ணுக்கு எளிதில் புலப்படாது, கடித்ததும் தெரியாது. 6 முதல் 21 நாட்களுக்குள் கடுங்காய்ச்சல், தலைவலி, உடல்வலி தோன்றும். மழைக்குப் பிந்திய குளிர் மாதங்களில் இந்நோய் மிகுதி.

இதனை இனங்காட்டும் அடையாளம் கடிவாயில் உண்டாகும் கரும்பொருக்கு. பீடியால் சுட்டது போன்றிருக்கும், வலிக்காது, அரிக்காது. அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடி, இடுப்பு ஆகிய மறைவிடங்களிலேயே பெரும்பாலும் காணப்படும். அருகே நெறி கட்டுவதும் உண்டு. நோயாளி அதனை அறியாமலும், பெண்கள் வெட்கத்தால் சொல்லாமலும் விட்டுவிடுகின்றனர். முதல் சில நாட்களில் இரத்தப் பரிசோதனையில் நோய் தெரியாமற் போகலாம். அப்போது இப்பொருக்கே மருத்துவருக்கு வழிகாட்டி. ஆகவே வீட்டிலேயே உடல் முழுவதும் பார்த்து, கண்டதைக் கூச்சமின்றிச் சொல்லுதல் வேண்டும்.

பொருக்கு எல்லோருக்கும் வருவதில்லை. காய்ச்சலோடு மூச்சுத் திணறல், மஞ்சள் காமாலை, மனக் குழப்பம், திடீரெனக் காது மந்தம் ஆகியவை தோன்றினாலும் இந்நோயாக இருக்கலாம். இவற்றை வேறு வேறு நோய்கள் என எண்ணிக் காலம் கடத்தலாகாது.

பென்சிலின் வகை மருந்துகள் இக்கிருமிக்குப் பயன்படா. டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் என்னும் விலை குறைந்த மருந்தை மருத்துவர் தொடக்கத்திலேயே கொடுத்தால், பெரும்பாலோர்க்கு இரண்டு மூன்று நாட்களில் காய்ச்சல் இறங்கும். நோய் முற்றியவர்களுக்கு இவ்விரண்டையும் சேர்த்து நரம்பு வழியே செலுத்துவது மேலும் நற்பயன் தருமென, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் முன்னின்று நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. நோயாளியை ஒதுக்க வேண்டியதில்லை. களை எடுப்போரும், புதர் சூழ்ந்த தோப்புகளில் பாவு விரிப்போரும் கைகால் மூடிய உடை அணிக. புல்தரையில் வெறும் உடம்போடு படுத்தலும், புதர்மேல் துணி உலர்த்தலும் தவிர்க்க. வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் குளித்து உடை மாற்றுக.

காரியதரிசிகள் இதனை அடுத்த கூட்டத்தில் வாசித்துக் காட்டுவார்களாக. காய்ச்சல் மூன்று நாளைக் கடந்த அங்கத்தினர் எவரேனும் இருப்பின், அவரை அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி வைப்பதும் கூட்டுறவின் கடமையே.