பனை ஓடுகிறது, மலை கூடவே வருகிறது

மதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்கு வரும் ரயில் அம்பாத்துரையைத் தாண்டியதும் இடப்பக்க ஜன்னலுக்குப் பிள்ளைகள் போட்டி போடுவார்கள். தண்டவாளத்தை ஒட்டிய பனைகள் பின்னால் பறக்கும். தூரத்து மலைக்கோட்டைப் பாறையோ அவசரமில்லாமல் கூடவே வரும். "மலை மட்டும் ஏன் ஓடல?" என்று கேட்டால், "தூரத்துல இருக்குல்ல, அதான்" என்று முடித்துவிடுகிறோம். கூடவே ஒரு கணக்கையும் சொல்லலாம். 20 மீட்டரில் நிற்கும் பனையைவிட, பக்கவாட்டில் 2 கிலோமீட்டரில் இருக்கும் பாறை நம் பார்வையில் 100 மடங்கு மெதுவாக நகரும். ரயில் எந்த வேகத்தில் போனாலும் இந்த விகிதம் மாறாது.

ஒன்றைப் பொறுத்து இன்னொன்றின் இடம் மாறுவதுதான் இயக்கம். படகில் போகிறவனுக்குக் கரை பின்னோக்கி நகர்வதாகத் தோன்றுவதை ஆரியபட்டர் தம் ஆரியபட்டீயத்தில் எடுத்துக்காட்டி, விண்மீன்கள் மேற்கே போவதாகத் தெரிவதும் அப்படித்தான் என்றார். அந்த நூலின் காலம் கி.பி. 499. திண்டு போல் கிடந்து ஊருக்கே பெயர் தந்த நம் பாறையும், பூமியின் அச்சைப் பொறுத்து, மணிக்குச் சுமார் 1,640 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. ஊரும் காற்றும் நாமும் சேர்ந்தே போவதால் தெரிவதில்லை.

தைப்பூசத்துக்கு நத்தம் வழியாக வரும் பாதயாத்திரைக் கூட்டம் திண்டுக்கல்லைக் கடந்து, ஒட்டன்சத்திரம் வழியே பழனிக்கு நடக்கிறது. இங்கிருந்து சாலை வழியே ஏறத்தாழ 60 கிலோமீட்டர்; இது கடந்த தொலைவு. நேர்கோட்டில் அளந்தால் 50-ஐ ஒட்டித்தான் வரும்; இது இடப்பெயர்ச்சி. இரவுத் தங்கலும் சேர்த்து ஒருவர் 40 மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தால், அவருடைய சராசரி வேகம் மணிக்கு 1.5 கிலோமீட்டர். சராசரி திசைவேகம் 1.25 கிலோமீட்டர், மேற்கு நோக்கி. கொப்புளம் கண்ட பாதங்களுக்குத் தெரிவது அந்த 60 மட்டும்தான்.

முடுக்கம் என்றால் வேகம் கூடுவது என்றே பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வகுப்பில் சூத்திரத்தை மனப்பாடம் செய்யவைப்பதன் விளைவு இது என்பது என் எண்ணம். ஒருமுறை பிள்ளைகளைச் சிறுமலைப் பேருந்தில் ஏற்றிவிட்டால் போதும். 18 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவின் ஆரம் 10 மீட்டர் என்றும், ஓட்டுநர் மணிக்கு 18 கிலோமீட்டரில், அதாவது நொடிக்கு 5 மீட்டரில், சீராகத் திருப்புகிறார் என்றும் வைத்துக்கொள்வோம். வேகம் காட்டும் முள் அசையவே இல்லை. ஆனால் வளைவில் நுழைந்த திசைக்கு நேர் எதிர்த்திசையில் வண்டி வெளியே வருகிறது. ஏறத்தாழ ஆறேகால் நொடியில் திசைவேகத்தில் நொடிக்கு 10 மீட்டர் மாற்றம்! திசைவேகம் மாறினாலே அது முடுக்கம்தான். வளைவுக்குள் ஒவ்வொரு கணமும் முடுக்கம் நொடிக்கு நொடி 2.5 மீட்டர், மேலிருந்து விழும் பொருளின் முடுக்கத்தில் கால் பங்கு. நம் உடல் நேராகப் போகப் பார்க்கிறது, பேருந்து திரும்புகிறது. ஆகவே பக்கத்து இருக்கைக்காரர் மேல் சாய்கிறோம். பின்னால் வைத்த மலைவாழைத் தாரும் சாய்கிறது.

கீழே இறங்கி நத்தம் சாலையில் நேராக ஓடும்போது அதே பேருந்தின் வேகம் மூன்று மடங்கு. நின்றுகொண்டு வருபவர்கள் கம்பியைப் பிடித்த கையைத் தளர்த்திக்கொள்கிறார்கள்.