போதும்பொண்ணும் ஜாவ்தியும்

வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது என் பெயர் வந்தால் கடைசி பெஞ்சில் இன்றும் ஒரு சிரிப்பு கேட்கும். என் பெயர் போதும்பொண்ணு. சொந்த ஊர் பனமரத்துப்பட்டி. வீட்டில் நான் மூன்றாவது பெண். "இத்தோட போதும் சாமி" என்று பாட்டி வேண்டிக்கொண்டு வைத்த பெயர். இப்படிப் பெயர் வைப்பது நம்ம பக்கத்து வழக்கம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

மலேசியாவில் வேலை பார்க்கும் என் தாய்மாமா பொங்கலுக்கு வந்திருந்தார். "கண்ணு, எங்க கம்பெனியில ஒரு சீனக்கார அம்மா இருக்குது. அது பேரும் உன் பேரு மாதிரிதான்" என்றார். அந்தப் பெயர் ஜாவ்தி. அதைப் பற்றித் தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

சீனர்களுக்குக் குடும்பப் பெயர் முதலில் வரும், நமக்கு இனிஷியல் வருவது போல. அடுத்து வருவது பெற்றோர் வைக்கும் பெயர். பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு எழுத்து. நம் எழுத்து ஒலியைக் காட்டும். சீன எழுத்து பொருளையும் சேர்த்துக் காட்டும். 'மெய்' என்பதை ஒரு எழுத்தால் எழுதினால் அழகு. குரலின் ஏற்ற இறக்கத்தை மாற்றி வேறு எழுத்தால் எழுதினால் பிளம் மரத்தின் பூ. ஆகவே அங்கே பெயர் வைப்பது என்றால் எழுத்தைத் தேர்ந்தெடுப்பது.

ஜாவ்திக்குத் தேர்ந்தெடுத்த எழுத்துகள் என்ன? 'ஜாவ்' என்றால் கையசைத்துக் கூப்பிடுவது. அந்த எழுத்தின் இடப்பக்கத்தில் கையைக் குறிக்கும் வடிவமே இருக்கிறது. 'தி' என்றால் தம்பி. மொத்தத்தில், 'தம்பியைக் கூப்பிடு'. இதே வகையில் லாய்தி என்றால் 'தம்பி வா'. பான்தி என்றால் 'தம்பிக்காக ஏங்கு'. பெயர் அவளுடையது, அதில் இருப்பதோ இன்னும் பிறக்காத ஒரு பையன்!

காரணம் நமக்குத் தெரிந்ததுதான். குடும்பப் பெயர் மகன் வழியில் போகும். முன்னோருக்கு வழிபாடு செய்வதும் மகன் கடமை. கட்டிக்கொடுத்த மகள் கொட்டிய தண்ணீர் என்று அங்கே ஒரு பழமொழி உண்டு. ஒரு குழந்தைக் கொள்கை இருந்த காலத்திலும், 1984-க்குப் பிறகு பல மாகாணங்களில் கிராமத்துக் குடும்பங்களுக்கு முதல் குழந்தை பெண்ணாக இருந்தால் இன்னொன்று பெற அனுமதி கிடைத்தது. அந்தக் கொள்கை 2016-இல் முடிந்தது.

சீனாவைப் பார்த்துச் சிரிக்க நமக்கு அருகதை இல்லை. பெண் சிசுக்களைக் காப்பாற்றத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் தொடங்கியதே நம் சேலம் மாவட்டத்தில்தான். மகாராஷ்டிராவில் 'வேண்டாதவள்' என்று பொருள்படும் 'நகுசா' என்ற பெயர் வழக்கத்தில் இருந்தது. அங்கே சதாரா மாவட்டத்தில் 2011-இல் 285 பெண்களுக்கு அரசு விழாவில் புதுப் பெயர் சூட்டினார்கள்.

எனக்குப் பிறகு தம்பி பிறந்தான். "பேரு பலிச்சிருச்சு" என்று பாட்டிக்கு ஒரே பெருமை. இப்போது ஒன்பதாவது படிக்கும் அவனிடம் ஜாவ்தி கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "கெஜட்ல குடுத்து மாத்திக்கக்கா. என்னால வந்த பேரு உனக்கு எதுக்கு?" என்றான்.

யோசித்தேன். மாற்றிக்கொண்ட பெண்கள் செய்தது சரிதான். ஆனால் என் டிப்ளமோ சர்டிபிகேட்டில் இந்தப் பெயரே இருக்கட்டும். போதும் என்று சொன்ன பாட்டி அதைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும்.

நண்பர்களே! நாளை உங்கள் வீட்டிலும் பெண் பிறப்பாள். அவளுக்கு வைக்கும் பெயர் அவளுக்காகவே இருக்கட்டும்.