விருந்தாளிக்குப் பயந்து ஓடிய பெண்கள்!

லண்டனில் தாகூருக்குக் கிடைத்த இன்னொரு தாய்

வீட்டுக்கு விருந்தாளி வருகிறார் என்றால் அறையைப் பெருக்கி வைப்பார்கள், பலகாரம் செய்வார்கள். லண்டனில் ஒரு வீட்டில் நடந்ததோ வேறு. விருந்தாளி வருகிறார் என்று கேள்விப்பட்டதும் அந்த வீட்டின் இளைய பெண்கள் இருவரும் உறவினர் வீட்டுக்கு ஓடிப் போய்விட்டார்கள்!

வர இருந்தது புலியா, கரடியா? கூச்ச சுபாவம் உள்ள ஓர் இந்தியப் பையன். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்று உலகப் புகழ் அடைந்த ரவீந்திரநாத் தாகூர்தான் அந்தப் பையன்.

நடந்தது 1879-ஆம் ஆண்டில்.

பள்ளிக்கூடம் என்றாலே ரவீந்திரருக்கு வேப்பங்காய். கல்கத்தாவில் எந்தப் பள்ளியிலும் அவர் நிலைத்துப் படிக்கவில்லை. "இவனைச் சீமைக்கு அனுப்பிப் பாரிஸ்டர் ஆக்கிவிடலாம்" என்று யோசனை சொன்னவர் அண்ணன் சத்யேந்திரநாத். ஐ.சி.எஸ். பரீட்சையில் தேறிய முதல் இந்தியர் அவர். தந்தை தேவேந்திரநாத்தும் சம்மதித்தார்.

புறப்படுவதற்கு முன் சீமைப் பழக்கவழக்கங்கள் கொஞ்சமாவது தெரிய வேண்டாமா? பம்பாயில் டாக்டர் ஆத்மாராம் பாண்டுரங்கின் வீட்டில் சில வாரம் தங்க வைத்தார்கள். டாக்டரின் மகள் அன்னபூர்ணா இங்கிலாந்து சென்று வந்தவர். அவர்தாம் ரவீந்திரருக்கு ஆங்கிலம் பேசவும் பழகவும் சொல்லிக் கொடுத்தார். அதற்குக் குருதட்சிணை? மாணவர் தம் ஆசிரியைக்கு 'நளினி' என்று ஓர் அழகான பெயர் சூட்டினார். கையில் இருந்த செல்வம் கவிதை ஒன்றுதானே!

1878 செப்டம்பரில் கப்பல் ஏறினார். இங்கிலாந்தில் பிரைட்டன் நகரில் அண்ணியும் குழந்தைகளும் இருந்தார்கள். கடற்கரை ஊர், சொந்த அண்ணி, விளையாடக் குழந்தைகள்! கவலை இன்றிப் பொழுது போயிற்று. குடும்ப நண்பர் தாரக்நாத் பாலித்துக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. அண்ணியின் நிழலிலேயே இருந்தால் சீமைக்கு வந்து என்ன பயன் என்று கருதி, பையனை லண்டனுக்கு அழைத்துப் போய் ரீஜண்ட் பார்க்குக்கு எதிரே ஓர் அறையில் தனியாக விட்டுவிட்டார்.

கடும் குளிர் காலம். மரங்களில் ஓர் இலை இல்லை, எங்கும் பனி. அறையில் துணைக்கு ஒரு ஹார்மோனியம். யாராவது இந்தியர் எட்டிப் பார்த்துவிட்டுப் புறப்பட்டால், அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிடலாமா என்று இருக்குமாம்! லத்தீன் சொல்லிக் கொடுக்க ஓர் ஏழை ஆசிரியர் வந்தார். ஏதோ ஒரு தத்துவ ஆராய்ச்சியில் மூழ்கிப் போனவர். பாடம் நடக்கவே இல்லை. கடைசியில் சம்பளத்தை நீட்டியபோது, "உன் காலத்தை வீணாக்கியதற்குச் சம்பளமா?" என்று வாங்க மறுத்தார் அந்த மனிதர். வற்புறுத்திக் கொடுக்க வேண்டியிருந்தது.

பிறகு, மாணவர்களை வீட்டிலேயே வைத்துப் பரீட்சைக்குத் தயார் செய்யும் வேறோர் ஆசிரியர் வீடு. அங்கே சாப்பாட்டுக்குக் குறைவில்லை. குறைந்திருந்தது வேறு. கணவனுக்கும் மனைவிக்கும் பேச்சு வார்த்தையே அபூர்வம். அந்த அம்மாளுக்கு ஒரே ஆறுதல், அவள் வளர்த்த நாய். மனைவி மேல் கோபம் வந்தால் கணவர் அந்த நாயை வதைப்பார்! இந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டு ஒரு பையன் எப்படிச் சாப்பிடுவான், எப்படிப் படிப்பான்? தங்குவதற்கு இடம் கிடைப்பது ஒன்று. வீடு கிடைப்பது வேறொன்று.

மூன்றாவதாகத்தான் டாக்டர் ஸ்காட்டின் வீடு வந்தது.

பெட்டி படுக்கையுடன் ஒரு மாலை நேரத்தில் போய் இறங்கியபோது வீட்டில் இருந்தவர்கள் மூவரே. தலை நரைத்த டாக்டர், அவர் மனைவி, மூத்த மகள். முன்பின் தெரியாத இந்தியனுடன் ஒரே கூரையின் கீழ் வசிப்பதா என்று இளையவர்கள் இருவரும் மறைந்துவிட்டார்கள். 'வந்திருப்பவரால் ஆபத்து ஒன்றும் இல்லை' என்ற சேதி போன பிறகே திரும்பி வந்தார்கள் போலும் என்று தாகூரே பின்னாளில் வேடிக்கையாக எழுதினார்.

ஓடிப்போன பெண்கள் திரும்பியதும் கதை மாறிவிட்டது. பாட்டு, படிப்பு, அரட்டை என்று மாலைகள் களை கட்டின. ஸ்காட் அம்மாள் அவரைப் பெற்ற பிள்ளையாகவே நடத்தினார்.

அந்த அம்மாளைப் பார்த்துத்தான் ரவீந்திரர் ஒரு பெரிய பாடம் கற்றார். கணவனே கண் கண்ட தெய்வம் என்பது நம் நாட்டுக்கு மட்டுமே சொந்தமான சரக்கு என்று அவர் கேட்டு வளர்ந்திருந்தார். இங்கேயோ, வெளியே போன டாக்டர் மாலையில் திரும்பும் நேரத்துக்குக் கணப்பின் அருகே அவருடைய சாய்வு நாற்காலியையும் கம்பளிச் செருப்பையும் அம்மாள் தம் கையாலேயே எடுத்து வைப்பார். உதவிக்கு ஒரே ஒரு வேலைக்காரிதான். இருந்தும் மாடி முதல் அடுப்படி வரை தூசி தும்பு இராது; பித்தளைச் சாமான் எல்லாம் பளபளக்கும். மனித சுபாவம் எங்கும் ஒன்றே என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

ஒரு தொப்பிக் கதையும் உண்டு. மேஜை மேல் விரல்களை வைத்து அதை நகரச் செய்யும் விளையாட்டு அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் பிரசித்தம். ஆவிகளின் வேலை என்று நம்புவார்கள். இளசுகள் கூடி விரல் வைத்தால் சின்ன மேஜை அறை முழுவதும் கூத்தாடுமாம். ஸ்காட் அம்மாளுக்கு இது பிடிக்காது. பிள்ளைகளுக்காகப் பொறுத்துக் கொண்டார். ஒரு நாள் விளையாட்டுக்கு டாக்டரின் உயரமான தொப்பியை எடுத்து வைத்தார்கள். வந்ததே கோபம்! சாத்தானின் கை தம் கணவரின் தொப்பி மேல் படுவதா? ஓடி வந்து தடுத்துவிட்டார்.

ஸ்காட் பெண்களில் ஒருத்தி வங்காளி கற்க ஆசைப்பட்டாள். ரவீந்திரர் பெருமையுடன் ஆரம்பித்தார். ஆங்கில எழுத்து ஒன்று, உச்சரிப்பு ஒன்று. எங்கள் மொழியில் அந்தத் தகராறே இல்லை என்றார். பாடம் நடக்க நடக்கக் குட்டு வெளிப்பட்டது. வங்காளியிலும் எழுத்து ஒன்றும் ஒலி ஒன்றுமாக எத்தனையோ இடங்கள்! 'அ' என்ற எழுத்தே சில சொற்களில் 'ஒ' ஆகிவிடுகிறது. பழக்கத்தால் அது அவர் கண்ணில் படவே இல்லை. தோல்வியை ஒப்புக்கொண்டு அதற்கு விதி தேடப் புறப்பட்டார். யூனிவர்சிடி காலேஜில் உடன் படித்த லோகேன் பாலித் அதற்குத் துணை. அந்தத் தேடல் வளர்ந்து வளர்ந்து 1909-இல் 'சப்த தத்துவம்' என்ற நூலில் வந்து சேர்ந்தது.

அந்தக் காலேஜில் ஹென்றி மார்லியிடம் அவர் ஆங்கில இலக்கியம் கேட்டார். ஆனால் படிப்பு முடியவில்லை. ஊருக்கு அவர் எழுதிய கடிதங்கள் குடும்பப் பத்திரிகையான 'பாரதி'யில் வெளியாயின. சீமைப் பெண்கள் வீட்டிலும் வெளியிலும் தாராளமாகப் பழகுவதை அவற்றில் புகழ்ந்திருந்தார். ஆசிரியராக இருந்த மூத்த அண்ணன் துவிஜேந்திரநாத் அதை மறுத்து எழுதினார். கடிதங்களைக் கண்டு பெரியவர்கள் மிரண்டுவிட்டார்கள் என்று சொல்வோரும் உண்டு. எப்படியோ, சத்யேந்திரநாத் ஊர் திரும்பும்போது தம்பியும் உடன் வர வேண்டும் என்று தந்தையிடமிருந்து உத்தரவு வந்தது.

ரவீந்திரருக்கு உள்ளூர மகிழ்ச்சி. தாய்நாட்டு வெயிலும் வானமும் அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தன. விடைபெறப் போனார். ஸ்காட் அம்மாள் அவருடைய இரு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். இவ்வளவு சீக்கிரம் போவதானால் எங்களிடம் ஏன் வந்தாய் என்று கேட்டார். அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்?

1880-இல் ஊர் திரும்பியபோது பாரிஸ்டர் பட்டம் இல்லை. சீமையில் கற்ற பாட்டுகளைப் பாடிக் காட்டினார். குரலே மாறிவிட்டது என்று வீட்டார் அதிசயப்பட்டார்கள். மறு ஆண்டு அவர் எழுதிய 'வால்மீகி பிரதிபா' இசை நாடகத்தில் அயர்லாந்து மெட்டுகளும் புகுந்துகொண்டன.

பத்து ஆண்டுகள் கழித்து, 1890-இல், மறுபடியும் லண்டன் போனார். பழைய நினைவு இழுக்க, அந்த வீட்டைத் தேடிக்கொண்டு நடந்தார். தெரிந்த வாசல்தான். கதவைத் தட்டினார். திறந்து எட்டிப் பார்த்தது தெரியாத முகம். அவர்கள் இப்போது இங்கே இல்லை என்று பதில் வந்தது.