"பையனுக்கு யாரோ செய்வினை வெச்சுட்டாங்க!"

போன தீபாவளி சீசனில், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் என் வைத்தியசாலைக்கு மூன்று பேர் வந்தார்கள். நடுவில் 19 வயதுப் பையன். தேனிப் பக்கத்திலிருந்து வந்து, திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறவன். கூட வந்தவர்கள் ரூம் நண்பர்கள். அதில் ஒருவன் தாராபுரத்துக்காரன், அவன்தான் பேசினான்.

"ரெண்டு மாசமாத் தூங்கறதில்லைங்க டாக்டர். தனியாப் பேசறான். சோத்துல விஷம் வெச்சுட்டோம்னு எங்களையே சந்தேகப்படறான். அவுங்க ஊர்ல செய்வினைன்னு கயிறு கட்டி அனுப்பிச்சுட்டாங்க. தலைக்குத் தைலம் ஏதாச்சும் குடுங்க..."

முப்பது வருஷத்துக்கு முன்னால் என்றால் கொடுத்திருப்பேன். மனநோயைக் 'கிரிகை' என்று 18 வகையாகப் பிரித்துச் சொல்கின்றன எங்கள் சித்த நூல்கள். அதைப் படித்த வீம்பில், இப்படி ஒரு பையனை மூன்று மாதம் நானே வைத்துப் பார்த்தேன். நோய் முற்றிய பிறகுதான் அவன் மனநல மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தான். அந்த மூன்று மாதம் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

மனச்சிதைவு பெரும்பாலும் இளவயதில்தான் தலைகாட்டும். சிகிச்சை தொடங்கத் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் மீள்வதைக் கடினமாக்கும்.

சென்னையில் 'ஸ்கார்ஃப்' என்ற தொண்டு நிறுவனத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கியது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, மனச்சிதைவு போன்ற தீவிர மனநோய் முதன்முறை கண்ட 16 முதல் 35 வயதுள்ளவர்களுக்கு, சென்னையிலும் மான்ட்ரியலிலும் இரண்டு வருடம் ஒரே முறையில் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2020-ல் வெளியானது. சந்தேகம், காதில் குரல் கேட்பது போன்றவை இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் அடங்கின. ஆனால் எதிலும் பிடிப்பில்லாமல் சுருண்டு கிடப்பது இருக்கிறதே, அது சென்னையில் நன்றாகக் குறைந்தது! பணக்கார நாட்டை நம் ஊர் எப்படி முந்தியது? சென்னையில் குடும்பத்தார் சிகிச்சைக் குழுவோடு விடாமல் தொடர்பில் இருந்தார்கள். அதற்குப் பெரிய பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

இதே நிறுவனம் பங்கேற்ற இன்னொரு ஆய்வு 2014-ல் வந்தது. காஞ்சிபுரம் பக்கம், கோவா, சதாரா என்று மூன்று இடங்களில் 282 நோயாளிகள். பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள் வீடு தேடிப் போய்ப் பேசி, மாத்திரையைக் கவனித்தார்கள். மருத்துவமனைக்கு மட்டும் போய் வந்தவர்களைவிட இவர்கள் ஓரளவு கூடுதலாகத் தேறினார்கள்.

சரி, திருப்பூருக்கு வருவோம். இங்கே வேலைக்கு வந்த பிள்ளைக்குக் குடும்பம் யார்? பத்துக்குப் பத்து ரூமில் கூடப் படுத்திருப்பவன்தான். சீசனில் ஒன்றரை ஷிஃப்ட், சில நாள் விடிய விடிய வேலை. தூக்கம் கெடுவதை இங்கே யாரும் நோய் என்றே நினைப்பதில்லை.

தைலம் தரவில்லை. மறுநாளே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு நானும் கூடப் போனேன். மாத்திரை அங்கே இலவசம். பையனின் அம்மாவுக்குப் போன் போட்டு வரவழைத்தோம். கம்பெனி சூப்பர்வைசர் நல்ல மனிதர், பகல் ஷிஃப்ட் மட்டும் போட்டுக் கொடுத்தார். உங்கள் வீட்டிலோ ரூமிலோ இப்படி ஒருவர் இருந்து, எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14416-க்குப் போன் செய்யுங்கள். அரசின் 'டெலி மானஸ்', 24 மணி நேரமும் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசுவார்கள்.

போன வாரம் பையன் வந்தான். முகம் தெளிந்திருந்தது. "மாத்திரை போட்டா வாய் வறளுதுங்கய்யா. நிறுத்திட்டு உங்க லேகியம் சாப்பிடட்டுமா?"

"அந்த டாக்டர்கிட்ட சொல்லு தம்பி. நீயா நிறுத்தாதே. அவரைக் கேக்காம நான் லேகியமும் தர மாட்டேன்."

தாராபுரத்துப் பையன் மாத்திரை டப்பாவைத் தன் சட்டைப் பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டான்.