பருத் தழும்புக்குப் பரிகாரம்



மூணாறு, பீர்மேடு தேயிலைத் தோட்டங்களிலும், பாலக்காட்டைச் சேர்ந்த சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலும் வாழும் நம் குடும்பங்களில் திருமணப் பேச்சு எழுந்ததும், முகத்தைத் தடவிப் பார்த்துக் கலங்கும் பெண்களும் வாலிபர்களும் உண்டு. பரு மறைந்துவிட்டது, அதன் சுவடு மறையவில்லை. இதற்குப் பரிகாரம் உண்டா? உண்டு. ஆனால் அது தழும்புதானா என்று முதலில் அறிதல் வேண்டும்.

பரு ஆறிய இடத்தில் காணும் கருமை தழும்பன்று, நிறமாற்றமே. மாநிறத் தோலில் இது மிகுதி. பல மாதங்களில் தானே மங்கும்; வெயில் பட்டால் நீடிக்கும். மலைக்குளிரில் வெயில் சுடவில்லையே என்று எண்ணலாகாது. ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்திற்கும் புறஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. மூணாறோ சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆதலால் வெயில் தடுப்புக் களிம்பும் தலைமறைப்பும் இன்றியமையாதவை.

உண்மைத் தழும்பு என்பது குழி. பருவின் அழற்சி தோலுக்கு உறுதி தரும் கொல்லாஜன் நார்களை அழிப்பதால் அது உண்டாகிறது. களிம்பு மட்டும் பூசி ஆழ்ந்த குழியை நிரப்ப இயலாது. ஊசி குத்தினாற்போன்ற குறுகிய குழிக்கு, டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தை மருத்துவர் துளியளவு வைப்பார். அல்லது குழியையே வெட்டி நீக்கித் தைப்பார். அலைபோன்ற பள்ளத்தில், தோலை அடியில் கட்டி இழுக்கும் நார்களை ஊசியால் அறுத்து விடுவிப்பார். பரவலான குழிகளுக்கு நுண்ணூசிச் சிகிச்சையும் லேசரும் பயன்படும். இவை புதிய கொல்லாஜன் வளரத் தூண்டுபவை. புடைத்தெழுந்த தழும்புக்கோ ஸ்டீராய்டு ஊசி உதவும். பலமுறை செய்து, பல மாதம் பொறுத்தாலன்றிப் பலன் புலப்படாது. முழுதும் அழியும் என்பவரை நம்பற்க. வெகுவாகக் குறையும் என்பதே மெய். லேசரும் அமிலமும் தேர்ச்சியற்ற கையில் நம் நிறத் தோலைக் கருக்கச் செய்துவிடும்.

புதிய பருக்கள் எழுந்துகொண்டிருக்கையில் குழியைச் சீர்செய்வது, ஒழுகும் கூரையின் கீழ்த் தரை மெழுகுவது போலாகும். பருவை முதலில் அடக்குக, கிள்ளாதிருக்க. கடும் பருவுக்குத் தரப்படும் ஐசோட்ரெடினாயின் மாத்திரை கருவிலுள்ள சிசுவைச் சிதைக்கவல்லது; கருவுற்ற பெண்கள் அதைத் தொடலாகாது.

இன்னொரு எச்சரிக்கை. முகம் வெளுக்கும் என்று கடைகளில் வாங்கிப் பூசும் களிம்புகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்துள்ளது. முதலில் பளபளப்பு, பின்னர் தோல் மெலிந்து, சிவந்து, பருவே பெருகும். இத்தகைய மருந்துகள் பலவற்றை மருத்துவச் சீட்டின்றி விற்கலாகாதென 2018-இல் மத்திய அரசு விதித்தது.

கோட்டயம், கோயம்புத்தூர், தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல்நோய்ப் பிரிவுகள் உள்ளன. பரு பழுத்து வலிக்கும் நாளிலேயே பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். வந்த தழும்பைக் குறைப்பதினும் வாராமற் காப்பது எளிது, செலவும் குறைவு.