ஆறு மணி நேரத் தரை

கனடாவின் கிழக்குக் கரையில், நியூ பிரன்சுவிக் மாகாணத்தில், ஆல்மா என்றொரு சிற்றூர் இருக்கிறது. சிங்கி இறால் பிடிக்கும் படகுகள் அங்கே துறைச் சுவரோரம் கட்டிக் கிடக்கும். காலையில் மிதந்துகொண்டிருந்த படகுகள் மதியம் போய்ப் பார்த்தால் சேற்றில் உட்கார்ந்திருக்கும். சுவரின் விளிம்பில் நின்று குனிந்தால்தான் படகின் கூரையே தெரியும். கடலைத் தேடினால், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளிச் சாம்பல் நிறத்தில் ஒரு கோடாகக் கிடக்கும். நடுவில் உள்ளது அத்தனையும் கடலின் அடித்தரை. அதில் இறங்கி நடக்கலாம்.

பிப்ரவரியில் அங்கே போகிறவர்களுக்கு ஒரே நாளில் இரண்டு நடை வாய்க்கிறது. ஊரை ஒட்டி, 1948இல் அமைக்கப்பட்ட ஃபண்டி தேசியப் பூங்காவின் காட்டில் வெண்பனிமேல் ஒரு நடை. சரிவில் இறங்கி வந்தால் கடலடியில் ஒரு நடை. இரண்டிலும் காலுக்கு அடியில் இருக்கிற தரையை அப்படியே நம்பிவிட முடியாது. மேலே இருப்பது பெரும்பாலும் காற்று. கீழே இருப்பது கடல் சில மணி நேரத்துக்கு இரவல் தந்தது.

முதலில் மேலே போவோம். புதிதாகப் பெய்த வெண்பனியில் பத்தில் ஒன்பது பங்கு காற்றுதான். ஒரு கன மீட்டர் புதுப்பனியை உருக்கினால் கிடைப்பது பெரும்பாலும் 50 முதல் 100 லிட்டர் தண்ணீர். அதன்மேல் சாதாரணக் காலணியோடு கால் வைத்தால் முழங்கால்வரை, சில இடங்களில் இடுப்புவரை உள்ளே போய்விடும். கணக்கைப் பாருங்கள். 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஒற்றைக் காலில் நிற்கும்போது, 300 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள காலணித் தடம் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஏறத்தாழ 230 கிராம் சுமையை இறக்குகிறது. அதே காலில் 60 சென்டிமீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஸ்னோஷூ, அதாவது பனிமிதியடி, கட்டியிருந்தால் அந்தச் சுமை 60 கிராமுக்கு வந்துவிடும். எடை குறையவில்லை; பரவிவிட்டது, அவ்வளவுதான்.

பரப்பைக் கூட்டினால் போதும் என்றால் ஒரு பலகையைக் கட்டிக்கொண்டே நடந்துவிடலாமே? முடியாது. பலகை தன்மேல் விழும் பனியை எல்லாம் அள்ளிக்கொண்டு எழும்பும். நான்கு எட்டில் கால் சோர்ந்துவிடும். இந்தக் கரையின் பூர்வகுடிகளான மிக்மாக் மக்களும் அவர்களது அண்டை இனத்தாரும் இதற்குக் கண்ட விடை வலை. ஆஷ் மரத்தின் கீற்றை ஆவியில் வளைத்துச் சட்டமாக்கி, மூஸ் மானின் பதனிடாத தோலை வாராக அறுத்து, குறுக்கும் நெடுக்கும் பின்னினார்கள். காலை ஊன்றும்போது வலைக்கண்களுக்கு அடியில் உள்ள பனி நெருக்கித் தாங்குகிறது. தூக்கும்போது மேலே கிடக்கும் பனி கண்கள் வழியாகக் கொட்டிவிடுகிறது. இன்னொரு நுட்பம் கட்டுமானத்தில் இருக்கிறது. மிதியடி பாதத்தின் முன்பகுதியில் மட்டும்தான் கட்டப்படும். குதிகால் சும்மா விடப்படும். காலைத் தூக்கியதும் பின்பக்க எடையில் வால் தானாகத் தாழ, மூக்கு நிமிர்ந்து அடுத்த பனிமேட்டைத் தாண்டும். அலுமினியச் சட்டமும் பிளாஸ்டிக் தளமும் எஃகுப் பற்களுமாக இன்று கடையில் விற்பவற்றிலும் இந்த அமைப்பு மாறவில்லை.

மனிதருக்கு முன்பே இதைக் கையாண்டது ஒரு முயல். பனிக்கால் முயல் என்று பெயர். அதன் பின்னங்கால் பாதங்கள் உடலோடு ஒப்பிட்டால் ஊதிப் பெருத்தவை. விரல்களை விரித்தால் அடர்ந்த மயிரோடு இன்னும் அகலும். குளிர்காலம் வந்ததும் பழுப்பு மயிர் உதிர்ந்து வெள்ளை முளைக்கிறது. இந்த மாற்றத்தைத் தூண்டுவது பகல் நீளம் குறைவதுதான். பனி விழுந்ததா இல்லையா என்று முயலின் உடல் பார்ப்பதில்லை. பனி தாமதித்த ஆண்டுகளில், பழுப்புச் சருகின்மேல் பளிச்சென்று வெள்ளை முயல் உட்கார்ந்திருக்கும். பிடித்துத் தின்ன வருகிற லின்க்ஸ் பூனைக்கு வசதி.

நடந்து முடித்த பாதையில் இரவோடு இரவாக ஒன்று நடக்கிறது. முந்தின நாள் மிதியடிகள் அமுக்கிப் போன பனி மறுநாள் காலையில் கெட்டித்திருக்கும். வெறும் காலணியே போதும். உருகி உறைந்ததா? தேவையில்லை, வெப்பநிலை மைனஸ் 10 டிகிரியிலேயே இருந்தாலும் இது நடக்கும். பனித்துகள்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களில் நீர் மூலக்கூறுகள் நகர்ந்து வந்து கழுத்துபோல ஓர் இணைப்பைக் கட்டுகின்றன. பிணைந்திறுகல் என்று இதைச் சொல்லலாம். பனிக்கட்டியின் பரப்பு ஒட்டும் இயல்புடையது என்பதை மைக்கேல் ஃபாரடே 1850லேயே சொற்பொழிவில் காட்டினார். காரணம் வியப்பானது: நமக்கு நடுக்கமெடுக்கும் மைனஸ் 10 டிகிரி, பனிக்கட்டியைப் பொறுத்தவரை கொதிப்பான நிலை. தனிச்சுழியிலிருந்து எண்ணினால் அது தன் உருகுநிலையில் 96 சதவீதத்தில் இருக்கிறது. இரும்பை அதே நிலைக்குக் கொண்டுவர 1,470 டிகிரிக்குக் காய்ச்ச வேண்டும். அந்தச் சூட்டில் இரும்புத் துண்டுகள் ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

காட்டிலிருந்து கரைக்கு இறங்க இறங்கப் பனி மெலிந்து ஈரமாகிறது. கடல்தான் காரணம். ஓயாத நீரோட்டம் மேலும் கீழும் கலக்கிக்கொண்டே இருப்பதால் ஃபண்டி வளைகுடாவின் திறந்த நீர் உறைவதில்லை. கரையோரக் காற்றையும் சற்றே மிதமாக வைத்திருக்கிறது. அந்தக் கலக்கலைச் செய்வது ஓதம், அதாவது நாளுக்கு இருமுறை கடல் ஏறி இறங்குவது.

திறந்த பெருங்கடலில் நிலவின் ஈர்ப்பு நீரை ஒரு மீட்டர்கூட உயர்த்துவதில்லை. சென்னைக் கரையிலும் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே ஒரு மீட்டர் அளவில்தான் வித்தியாசம். ஆல்மாவில் அது ஏறக்குறைய 12 மீட்டர். வளைகுடாவின் உள்கோடியில், நோவா ஸ்கோஷியா பக்கத்து பர்ன்ட்கோட் ஹெட்டில், 16 மீட்டர். ஐந்து மாடி வீடு முங்கும் உயரம். ஒவ்வொரு ஓதத்திலும் 100 கன கிலோமீட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளே வந்து வெளியே போகிறது. அதே நிலவு, அதே ஈர்ப்பு. பின் ஏன் இங்கே மட்டும் இப்படி?

வாளி நிறையத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்களுக்கு விடை தெரியும். வாளித் தண்ணீருக்கென்று ஒரு தளும்பல் வேகம் உண்டு. நம் எட்டு அந்த வேகத்தோடு தற்செயலாக ஒத்துப்போனால் தளும்பல் ஒவ்வொரு எட்டுக்கும் கூடிக் காலை நனைத்துவிடும். ஃபண்டி வளைகுடாவும் அதற்கு வெளியே உள்ள மெய்ன் வளைகுடாவும் சேர்ந்து ஒரு வாளி. அதில் நீர் ஒருமுறை தளும்பி வர ஏறத்தாழ 13 மணி நேரம் பிடிக்கிறது. நிலவு அதைத் தள்ளுவது 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை. முழுதாக ஒத்துப்போகவில்லை, ஆனால் நெருங்கிவிட்டது. இந்த ஒத்ததிர்வை 1972இல் கடலியலாளர் கிறிஸ் காரெட் கணக்கிட்டுக் காட்டினார். உள்ளே போகப் போகக் குறுகி ஆழம் குறையும் புனல் வடிவம் மீதி வேலையைச் செய்கிறது.

நெருங்கிவிட்டது என்பதில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. ஓதத்தின் ஆற்றலில் மின்சாரம் எடுக்க உள்கோடியில் பெரிய அணை கட்டலாம் என்ற யோசனை வெகுநாள் இருந்தது. அணை கட்டினால் வாளி கொஞ்சம் சிறுக்கும்; தளும்பல் நேரம் குறைந்து நிலவின் தாளத்துக்கு இன்னும் அருகே வரும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே, அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்தில்கூட ஓதம் உயரும் என்று கணினி மாதிரிகள் காட்டின. கடைசியில் நடைமுறைக்கு வந்தது அன்னாபொலிஸ் ராயலில் 1984இல் தொடங்கிய சிறிய 20 மெகாவாட் நிலையம். அதுவும் 2019இல் நின்றுபோனது. இந்தப் பேரோதம் பழமையானதும் அல்ல. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது, வாளியின் அளவே வேறு. ஓதமும் சிறியதாக இருந்தது.

நிலவு பூமியை நெருங்கும் நாட்களில் இங்கே நீர் கூடுதலாக ஏறும். பிரிட்டிஷ் கடற்படையின் லெப்டினன்ட் சாக்ஸ்பி 1868இலேயே கணக்குப் போட்டு, மறு ஆண்டு அக்டோபர் 5 அன்று உலகில் எங்கோ பேரோதமும் புயலும் வரும் என்று பத்திரிகைக்கு எழுதினார். ஓதக் கணக்கு சரி. புயலுக்கும் நிலவுக்கும் அவர் போட்ட முடிச்சு தவறு. ஆனால் 1869 அக்டோபர் 4 இரவு உண்மையிலேயே ஒரு புயல் ஃபண்டியைத் தாக்கி, உயர் ஓதத்தோடு சேர்ந்து கரைகளை உடைத்துப் புகுந்தது. இன்றும் அதற்கு சாக்ஸ்பி புயல் என்றே பெயர். தவறான காரணத்துக்காகச் சரியாகச் சொன்னவர்களின் பட்டியலில் அவருக்கு முதலிடம் தரலாம்.

கடலடியில் நடக்கிறவருக்கு ஓத அட்டவணை கைக்கடிகாரம் மாதிரி அவசியம். நீர் சீராக ஏறுவதில்லை. இறங்கி முடிந்த முதல் மணி நேரத்தில் மொத்த ஏற்றத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் ஏறும். இரண்டாவதில் இரண்டு பங்கு. மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று பங்கு. பிறகு வந்தபடியே தணியும். 12 மீட்டர் ஓதத்தில், நடு இரண்டு மணி நேரமும் நிமிடத்துக்கு 5 சென்டிமீட்டர் வீதம் நீர்மட்டம் உயரும். சமதளத்தில் அது நிமிடத்துக்குச் சில மீட்டர் முன்னேறும், நடந்தே முந்திவிடலாம். ஆபத்து அங்கே இல்லை. கடலடியில் மேடு பள்ளம் உண்டு. நாம் நிற்கும் மேடு காய்ந்திருக்கும்போதே முதுகுக்குப் பின்னால் உள்ள ஓடைகள் நிரம்பிவிடும். கடலுக்குள் நீட்டியிருக்கும் பாறைமுனையைச் சுற்றிப் போனவருக்குத் திரும்பும் வழி அடைபடும். அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் நீர் இறங்கிக்கொண்டிருக்கும்போதே கிளம்பி, திரும்புமுகம் ஆகும்போது கரையை நோக்கிவிடுகிறார்கள்.

சேற்றுத்திடலில் ஆள் உயரத்துக்குப் பழுப்புப் பாளங்கள் சிதறிக் கிடக்கும். தூரத்தில் பாறை என்று தோன்றும். தட்டினால் பனிக்கட்டி. உடைந்த முகத்தைக் கிட்டப் பார்த்தால் வரிவரியாக, ஒரு வரி வெளிறிய பனிக்கட்டி, ஒரு வரி செஞ்சேறு. கடல்நீர் மைனஸ் 1.8 டிகிரியில்தான் உறையும். ஆனால் நீர் விலகியதும் மைனஸ் 15 டிகிரிக் காற்றில் ஈரச் சேறு மேலே இறுகிவிடுகிறது. ஓதம் திரும்பி வந்து ஒரு படலத்தைப் பூசிவிட்டுப் போகிறது. மறுபடி உறைகிறது. நாளுக்கு இரண்டு பூச்சு. கரையோர ஓடைகளின் இரு பக்கமும் இப்படிப் பூசிப் பூசிச் செங்குத்தான பனிச்சுவர்கள் எழும்பி, ஓடை செதுக்கிய பெட்டிபோல் ஆகிவிடும். கான் டெஸ்பிளாங்க் என்ற ஓத ஆய்வாளர் இதைப் பல குளிர்காலங்கள் கவனித்து விளக்கியிருக்கிறார். பாளத்தின் அடி தரையோடு ஒட்டி உறைந்திருப்பதால், பெரிய ஓதம் அதைத் தூக்கும்போது சேற்றையும் கல்லையும் பெயர்த்தெடுத்துக்கொண்டு மிதக்கும். வேறெங்கோ உருகி, அங்கே உள்ள உவர்ச் சதுப்பில் அந்த மண்ணை இறக்கிவைக்கும். சதுப்பு உயர்வதற்கு இதுவும் ஒரு வழி.

வடக்கே ஹோப்வெல் பாறைகளில் பனிக்கட்டி வேறு மாதிரி வேலை செய்கிறது. ஓதம் அடியை அரித்து, தலையில் மரங்களோடு தனித்து நிற்கும் தூண்பாறைகள் அவை. கூழாங்கற்கள் ஒட்டி உருவான பாறை என்பதால் இடுக்குகள் ஏராளம். இடுக்கில் புகுந்த நீர் உறையும்போது ஒன்பது சதவீதம் பருக்கிறது. உறைவதும் உருகுவதும் மாறி மாறி வரும் பின்பனிக்காலம்தான் மோசம். யானைப் பாறை என்று பெயர்பெற்ற தூணின் பெரும்பகுதி 2016 மார்ச்சில் ஒரேயடியாகச் சரிந்தது. குளிர்காலத்தில் அழகாகத் தொங்கும் பனிச்சரங்களைப் படமெடுக்கச் செங்குத்துப் பாறைக்கடியில் போய் நிற்பது, என் கணிப்பில், ஓதத்தை மறப்பதைவிடப் பெரிய அசட்டுத்தனம்.

இத்தனைக்கும் நடுவே ஓதப் பாறைகளில் ஒட்டியபடி நத்தைகளும் நீல மட்டிகளும் வாழ்கின்றன. நீர் விலகியதும் அவை மைனஸ் 15 டிகிரிக் காற்றில் மாட்டிக்கொள்கின்றன. ஒளிய இடமில்லை. உறைந்தே விடுகின்றன. அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் ஆய்வாளர் ஜான் கான்விஷர் 1955இல் அளந்து பார்த்தபோது, இத்தகைய உயிர்களின் உடல்நீரில் பாதிக்கு மேல் பனிக்கட்டியாகியிருந்தது; ஆனாலும் அவை உயிரோடு இருந்தன. சூட்சுமம் எங்கே உறைகிறது என்பதில் இருக்கிறது. பனிக்கட்டி செல்களுக்கு வெளியே, இடைவெளி நீரில் மட்டும் உருவாகிறது. அங்கே மிஞ்சும் நீரில் உப்பு கூடக் கூட, செல்லுக்குள் இருக்கும் நீர் வெளியே இழுக்கப்படுகிறது. செல் சுருங்குகிறது, அதன் உள்ளே உப்பு அடர்ந்து உறையாமல் தப்பிக்கிறது. ஊசிமுனைப் படிகங்கள் செல்லைக் கிழிக்க வாய்ப்பில்லை. ஆறு மணி நேரம் கழித்துக் கடல் திரும்புகிறது. பூஜ்ஜிய டிகிரியை ஒட்டிய அந்த நீர்தான் அப்போது அக்கரையில் வெதுவெதுப்பான பொருள். நத்தை இளகி, கதவைத் திறந்து, பாசியை மேயத் தொடங்குகிறது, அடுத்த இறக்கம் வரும்வரை.