பாட்டு வேறு, பாடக்குறிப்பு வேறு

சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரிப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் போன வாரம் எனக்கு முன்னால் ஒரு பி.எட். மாணவி. பழைய பாடக்குறிப்பில் 'காவிரி' இருந்த இடத்தில் 'அடையாறு' என்று எழுதிய துண்டுத்தாளை ஒட்டி நகல் எடுத்துக்கொண்டிருந்தார். நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு அதுதானே தெரியும்? யார் எழுதிய குறிப்பு என்று கேட்டேன். "சீனியருக்கு சீனியர் சார், பேர் தெரியல."

கட்டற்ற மென்பொருள்காரர்கள் கேட்பதும் இதைத்தான்: பயன்படுத்த, பகிர, திருத்த, திருத்தியதையும் பகிர உரிமை. மென்பொருள் திறந்திருந்து அதன் கையேடு பூட்டிக் கிடந்தால் என்ன பயன் என்று, கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனின் அமைப்பு 2000-ல் ஆவணங்களுக்கென்றே ஓர் உரிமம் கொண்டுவந்தது. தமிழ் விக்கிப்பீடியா உட்பட எல்லா விக்கிப்பீடியாக்களும் 2009 வரை அதில்தான் ஓடின. ஆனால் 'இந்தப் பகுதியில் கை வைக்காதே' என்று ஆசிரியர் வேலி போட அது இடம் கொடுத்தது. அப்படி வேலி போட்ட ஆவணம் கட்டற்றதே அல்ல என்று டெபியன் என்ற கட்டற்ற மென்பொருள் குழு 2006-ல் வாக்கெடுத்து ஒதுக்கியது. நகலோடு உரிமத்தின் முழு வாசகமும் போகவேண்டும் என்பது இன்னொரு தொல்லை. ஜெராக்ஸ் கடைக்காரருக்கு வேண்டுமானால் லாபம்!

ஒருவர் எழுதியதை யார் நகலெடுக்கலாம், யார் திருத்தலாம் என்ற கேள்வியை நாம் முன்பே சந்தித்திருக்கிறோம். பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை திரைப்படத் தயாரிப்பாளர் ஏவி.எம். கையில் இருந்தது. 1949-ல் அரசு பாரதியின் உரிமையைப் பெற்று, சில ஆண்டுகளில் மக்களுக்கே விட்டது. மலிவுப் பதிப்புகள் வீடுதோறும் போயின. கூடவே பிழைகளும் போயின. சொல் மாறியிருக்கும், மாற்றியவர் யாரென்று இருக்காது. சீனி. விசுவநாதன் போன்றவர்கள் மூலத்தைத் தேடிக் காலவரிசையில் பதிப்பிக்க ஆயுளையே செலவிட்டார்கள்.

ஸ்டால்மன் உரிமத்தில் எனக்குப் பிடித்த நிபந்தனை ஒன்று உண்டு. திருத்தினால் தலைப்பை மாற்று, திருத்தியவர் பெயரைப் போடு, எப்போது என்று எழுது. பாரதி பாடல்களுக்கும் அது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பாட்டுக்கு நகலெடுக்கும் உரிமையே போதும். பாடக்குறிப்பு, அகராதி, கையேடு இவற்றுக்குத் திருத்தும் உரிமையும் வேண்டும். எழுதியவர் காலத்துக்குப் பின்னும் 60 ஆண்டு பதிப்புரிமை உண்டு என்கிறது நம் சட்டம். அதுவரை எந்த வகுப்பும் காத்திருக்காது.

ஆசிரியர்களே, அடுத்த குறிப்பின் அடியில் உங்கள் பெயர், தேதி, கூடவே ஒரு வரி: 'திருத்திக்கொள்ளலாம், திருத்தினால் உங்கள் பெயரையும் சேருங்கள்.' அப்புறம் ஜெராக்ஸுக்குக் கொடுங்கள்.